முட்டுக்காடு, பிச்சாவரம், பழவேற்காடு: குடும்பத்தோடு ஒரு நாள் கயாக் பயணம், திட்டம் சரியா?

வேளச்சேரி_வாசு

எல்லோருக்கும் வணக்கம். போன வருடம் கோவாவில் அரை மணி நேரம் கயாக் ஓட்டினோம். அன்று பிடித்த ஆசை இன்னும் விடவில்லை. பிப்ரவரி, மார்ச் இரண்டு மாதத்துக்குள் காலையில் போய் மாலையில் திரும்புகிற மாதிரி மூன்று பயணம் போட நினைக்கிறேன். நான், மனைவி, 12 வயது மகள், மச்சான். எங்கள் மூன்று பேருக்கும் நீச்சல் தெரியும். மச்சானுக்குத் தெரியாது. "படகுலதானே போறோம், நீந்தியா போகப் போறோம்?" என்கிறார். கடல் வேண்டாம், அலை இல்லாத தண்ணீர் போதும்.

முதலில் முட்டுக்காடு. பாலத்துப் பக்கம் இறங்கி உள்ளே ஆறு கிலோமீட்டர், திரும்பி ஆறு. மணிக்கு ஆறு கிலோமீட்டர் வைத்தால் இரண்டு மணி நேரம். பத்து மணிக்கு ஆரம்பித்தால் சாப்பாட்டுக்கு வெளியே வந்துவிடலாம். அப்புறம் பிச்சாவரம். மூன்றாவது பழவேற்காடு, ஃபிளமிங்கோ பார்க்க. இருவர் உட்காரும் கயாக் இரண்டு வாடகைக்கு எடுக்கலாம் என்று இருக்கிறேன். இதில் எங்கே தப்பு இருக்கிறது, சொல்லுங்கள்.

கழிமுகத்தான்

வாசு சார், உங்கள் திட்டத்தில் போகும் வழி இருக்கிறது, வரும் வழி இல்லை.

நான் பரங்கிப்பேட்டைக்காரன். அப்பா, சித்தப்பா எல்லோரும் கடல் தொழிலுக்குப் போனவர்கள். நான் மட்டும் சென்னையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். எங்கள் வீட்டில் கிளம்பும்போது முதல் கேள்வி "எப்படித் திரும்புற?" என்பதுதான். எங்கே போகிறாய் என்பது அதற்கப்புறம்.

முட்டுக்காட்டில் நீர் ஈ.சி.ஆர். ரோட்டுக்கு மேற்கே உள்வாங்கிப் போகிறது. கடல் உங்கள் முதுகுக்குப் பின்னால். வெயில் ஏற ஏற தரை சூடாகி, மதியத்தை ஒட்டிக் கடற்காற்று எழும். அது கிழக்கிலிருந்தோ தென்கிழக்கிலிருந்தோ வரும். பத்து மணிக்கு இறங்கினால் போகும்போது அது உங்களைத் தள்ளிவிடும். "அட, நமக்கு நன்றாகத்தான் வருகிறது" என்று தோன்றும். பன்னிரண்டு மணிக்கு உள்ளே ஆறாவது கிலோமீட்டரில் கயாக்கைத் திருப்புவீர்கள். அப்போதுதான் அதே காற்று மூஞ்சியில் அடிக்கும். கை ஓய்ந்திருக்கும், குடிநீர் பாதி காலி, பிள்ளைக்குப் பசி.

அதனால் ஆறு, ஆறரைக்கு தண்ணீரில் இருங்கள். பத்து, பத்தரைக்குள் கரையில் இருங்கள். நடுவில் எவ்வளவு தூரம் போக முடிகிறதோ அதுதான் பயணம்.

வேளச்சேரி_வாசு

காற்றின் திசையை நான் யோசிக்கவே இல்லை. ஓதம் (கடல் நீர் ஏறி வற்றுவது)? அட்டவணை பார்த்துப் போக வேண்டுமா?

கழிமுகத்தான்

முட்டுக்காட்டுக்கு முகத்துவாரத்தைப் பார்த்துத்தான் பதில் சொல்ல முடியும். மழைக்காலத்து வெள்ளத்தில் வாய் திறக்கும், அப்புறம் அலை மணலைக் கொண்டுவந்து கொட்டி மூடிவிடும். மூடிக் கிடந்தால் அட்டவணையை மடித்து வைத்துவிடலாம். உள்ளே குளம் மாதிரிதான், ஏத்தமும் கிடையாது வத்தமும் கிடையாது. திறந்திருந்தால் கதை வேறு. ஏத்தத்தில் உள்ளே போய், வத்தத்தில் வெளியே வருவது சுகம், தண்ணீரே கொண்டுவந்து விடும். ஆனால் இரண்டு விஷயம். வத்தத்தில் பாலத்தடியில் இழுப்பு கூடுதலாக இருக்கும். அதைத் தாண்டினால் முகத்துவாரம், அதற்கு அப்பால் அலை. பாலத்துக்குக் கிழக்கே போகவே வேண்டாம். இன்னொன்று, வத்த நீர் கடலைப் பார்த்து ஓடும்போது காற்று கடலிலிருந்து வந்தால் தண்ணீர் குத்துக்குத்தாக எழும்பும். உயரம் பெரிதாக இருக்காது, ஆனால் புதிதாக ஓட்டுகிறவர்களுக்கு அதுவே ஆட்டம் காட்டும்.

நம் கரையில் ஏத்தத்துக்கும் வத்தத்துக்கும் அரை மீட்டர் வித்தியாசம், அமாவாசை பௌர்ணமியை ஒட்டி ஒரு மீட்டர் பக்கம் வரும். நேரம் நாளுக்கு நாள் ஐம்பது நிமிடம் போலத் தள்ளிப்போகும். அட்டவணையில் இருப்பது கடலோர நேரம். கழிக்குள்ளே தள்ளி இருக்கும் இடத்துக்கு அது தாமதமாகத்தான் வந்து சேரும். எவ்வளவு தாமதம் என்பதை அங்கே வலை போடுகிறவரிடம் கேளுங்கள், துல்லியமாகச் சொல்வார்.

ரெண்டு_துடுப்பு

//மணிக்கு ஆறு கிலோமீட்டர் வைத்தால்//

வாசு சார், இது பழகியவர்களின் நீளக் கயாக் வேகம். வாடகைக்குக் கிடைக்கும் அகலமான, மேலே உட்காரும் வகைக் கயாக்கில் புதிதாக ஓட்டும் இருவர் நான்கு கிலோமீட்டர் போனாலே பெரிது. நின்று பறவை பார்த்து, தண்ணீர் குடித்து, செல்ஃபி எடுத்தால் மூன்று. நல்ல எதிர்க்காற்றில் இரண்டு. அந்தக் கணக்கில் உங்கள் 12 கிலோமீட்டர் நான்கு மணி நேரம், மோசமான நாளில் ஐந்துக்கு மேல். முதல் பயணத்துக்கு மொத்தமே ஆறு கிலோமீட்டர் போதும்.

தூரத்தை வைத்துத் திரும்பாதீர்கள், கடிகாரத்தை வைத்துத் திரும்புங்கள். "எட்டரைக்குத் திரும்புகிறோம்" என்றால் எட்டரைதான். அடுத்த வளைவுக்கு அப்பால் சொர்க்கமே இருந்தாலும் சரி.

மச்சானைப் பற்றி. நீச்சல் தெரியாமல் வரக்கூடாது என்று நான் சொல்ல மாட்டேன், ஆனால் அவருக்கு எந்த ஜாக்கெட் என்பது முக்கியம். கயாக்குக்கு விற்கும் மெல்லிய மிதவைச் சட்டை பெரும்பாலும் 50 நியூட்டன் (மிதக்க வைக்கும் விசையின் அளவு) வகை, ஐ.எஸ்.ஓ. 12402-5 என்ற தரக்குறி உள்பக்கம் போட்டிருக்கும். அது நீந்தத் தெரிந்தவருக்கு, உதவி பக்கத்தில் இருக்கும் நீருக்கு. தெரியாதவருக்கு 100 நியூட்டன் வகை கேளுங்கள். கழுத்துக்குப் பின்னால் பட்டை இருக்கும், பார்க்கப் பருமனாக இருக்கும், கையை வீசும்போது கொஞ்சம் இடிக்கும். இடிக்கட்டும். போட்டதும் தோள்பட்டையில் இரண்டு பக்கமும் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். காது வரை ஏறினால் அது தண்ணீரில் ஜாக்கெட் இல்லை, தொப்பி.

இன்னொன்று, கிளம்புவதற்கு முன் இடுப்பளவு நீரில் வேண்டுமென்றே கவிழ்ந்து, மறுபடி ஏறிப் பாருங்கள். நான்கு பேரும். கயாக்கின் நடுவில் குறுக்கே வயிற்றைப் போட்டு, காலை உதைத்து ஏறி, அப்படியே புரண்டு உட்கார வேண்டும். கேட்கச் சுலபம். முதல் தடவை பாதிப் பேர் மறுபக்கமாக விழுவார்கள். அது கரையோரம் நடந்தால் சிரிப்பு, நடு நீரில் நடந்தால் சிரிப்பு வராது.

சும்மா_ஒருத்தன்

ஒரு கழியில் படகு விட இவ்வளவு படிப்பா? நாங்கள் கல்லூரி நாளில் டிராக்டர் டியூபில் ஏரியைக் கடந்தவர்கள். முட்டுக்காட்டில் பல இடத்தில் இடுப்பளவுதான் தண்ணீர். எழுந்து நின்றால் முடிந்தது. வாசு, பயமுறுத்துகிறார்கள். போய் அனுபவியுங்கள்.

கழிமுகத்தான்

இடுப்பளவு தண்ணீர் சரி. அதற்குக் கீழே முழங்காலளவு சேறு இருக்கிறதே, அண்ணே. எழுந்து நிற்க நினைத்துக் காலை ஊன்றினால் சேறு பிடித்துக்கொள்ளும். இழுத்தால் செருப்பு போகும், சிப்பி இருந்தால் பாதம் கிழியும். விழுந்தால் நிற்கப் பார்க்காமல் மல்லாந்து மிதந்து கயாக்கைப் பிடிப்பதுதான் முறை.

ரெண்டு_துடுப்பு

2011 கிறிஸ்துமஸ் அன்று பழவேற்காட்டில் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். ஒரு குடும்பக் கூட்டம், பண்டிகை நாள் உல்லாசம். ஜாக்கெட் இல்லை, ஏற்றக்கூடாத அளவுக்கு ஆள். அமைதியான தண்ணீர் என்ற பேச்சு வரும்போதெல்லாம் எனக்கு அதுதான் ஞாபகம் வரும்.

வாசு சார், பழவேற்காட்டை இந்த வருடப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். விபத்தை வைத்து மட்டும் சொல்லவில்லை. ஒடிசாவின் சில்காவுக்கு அடுத்து நாட்டிலேயே பெரிய உவர்நீர் ஏரி அது. கண்ணுக்கெட்டிய தூரம் வெட்டவெளி, காற்றுக்கு மறைவு கிடையாது. சராசரி ஆழம் ஒரு மீட்டரை ஒட்டித்தான், மழை முடிந்து மாதம் ஆக ஆக அதுவும் இறங்கும். மார்ச்சில் கயாக்கை ஓட்டுவதைவிட இழுப்பதுதான் அதிகம் இருக்கும். பறவைகள் சரணாலயம் வேறு, ஸ்ரீஹரிகோட்டா பக்கம் தடை செய்யப்பட்ட பகுதி வேறு. ஃபிளமிங்கோவைக் கரையில் நின்று தொலைநோக்கியில் பாருங்கள். இரை எடுத்துக்கொண்டிருந்த கூட்டம் தலையைத் தூக்கி ஒரே திசையில் நடக்க ஆரம்பித்தால் நாம் ஏற்கெனவே அதிகம் நெருங்கிவிட்டோம் என்று பொருள். கயாக்கில் சத்தமில்லாமல் போகிறோம் என்பதால் பறவைக்குத் தொந்தரவு இல்லை என்று நினைப்பது தப்பு.

மட்டுநகரான்

எங்கட மட்டக்களப்பு வாவியும் இதே கதைதான். ஐம்பத்தாறு கிலோமீட்டர் நீளம், பார்க்கக் கண்ணாடி மாதிரி இருக்கும். விடியப்புறம் கல்லடிப் பாலத்தடியில் தோணியில் போனால் சவள் (துடுப்பு) போடுகிற சத்தம் மட்டும்தான் கேட்கும். பின்னேரம் அதே வாவியில் குறுக்கே போகப் பயம் வரும்.

எங்களுக்குக் காற்றுக்குப் பேர் வைத்துப் பழக்கம். வாடை, கொண்டல், சோழகம், கச்சான். ஆனி, ஆடியில் கச்சான் வீசும்போது மேற்கிலிருந்து சூடாக வரும். அது கரையிலிருந்து கடலைப் பார்த்துத் தள்ளுகிற காற்று. உங்கட முட்டுக்காட்டுக்கு நேரெதிர். அதனால ஒரு ஊரில் படித்த பாடத்தை அடுத்த ஊரில் அப்படியே பாவிக்கக்கூடாது. எந்தத் தண்ணீருக்குப் போனாலும் அந்த ஊர்த் தோணிக்காரரிட்ட ஒரு கேள்வி கேளுங்கோ: "இந்த மாசம் பின்னேரம் காற்று எந்தப் பக்கமிருந்து வரும்?" அவர் கையை நீட்டிக் காட்டுவார். அந்தக் கைப்பக்கம் முதலில் போங்கோ. களைத்துத் திரும்பி வரேக்க காற்று உங்களை வீட்டுக்குக் கொண்டுவரும்.

எங்களுக்கு முதலைப் பிரச்சினையும் இருக்கு. அதை மச்சானுக்குச் சொல்ல வேண்டாம்.

வேளச்சேரி_வாசு

சொல்லிவிட்டேன். ஒரு நாள் முழுக்க கூகுளில் முதலை தேடிக்கொண்டிருந்தார். முட்டுக்காட்டில் காற்றைப் பார்த்துப் போவது என்றால் முகத்துவாரப் பக்கம் போவதாகிவிடுமே? அதற்கு என்ன செய்வது?

கழிமுகத்தான்

நல்ல கேள்வி. அங்கே மட்டுநகர் அண்ணன் சொன்ன வழி நடக்காது, கிழக்கே கடல். அதனால்தான் காற்று எழுவதற்கு முன்னால் முடிக்கச் சொன்னேன். மீறி மாட்டிக்கொண்டால் நடு நீரில் மல்லுக்கட்ட வேண்டாம். காற்று வரும் பக்கத்துக் கரையை ஒட்டி, சவுக்கோ புதரோ மறைவு தரும் இடமாகப் பார்த்து ஊர்ந்து வாருங்கள். வழி நீளும், ஆனால் கை தாங்கும். நீர்ப்பரப்பில் அங்கங்கே வெள்ளையாக நுரை உடைய ஆரம்பித்தால் உங்கள் குடும்பத்துக்கு அதுதான் எல்லை. அப்போதே கரை ஏறிவிடுங்கள், எந்தக் கரையானாலும். ஆட்டோ பிடித்துத் திரும்பினால் கௌரவம் ஒன்றும் குறைந்துவிடாது.

பிச்சாவரத்தைப் பற்றிக் கேட்டீர்கள். அது எங்கள் ஊர்ப் பக்கம் என்பதால் கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் ஆயிரம் ஹெக்டேருக்கு மேல் அலையாத்திக் காடு. 2022-இல் உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்த்தார்கள். காற்றுக்கு மறைவு என்றால் அதுதான். வாய்க்காலுக்குள் நுழைந்துவிட்டால் இரண்டு பக்கமும் சுரபுன்னை முட்டு வேரை ஊன்றி நிற்கும், மேலே கிளை கூடிக் கூரை போட்டிருக்கும். வெளியே காற்று அடிப்பது இலை ஆடுவதில்தான் தெரியும். ஆனால் அங்கே வேறு சிக்கல். எல்லா வாய்க்காலும் ஒரே மாதிரி இருக்கும். மூன்று திருப்பம் திரும்பினால் எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கே வந்த வழி குழம்பும். வத்தத்தில் நீங்கள் நுழைந்த வாய்க்கால் திரும்பும்போது சேற்றுப் பள்ளமாகக் கிடக்கலாம். ஏத்தம் பாதி ஏறியிருக்கும்போது நுழைந்து, உச்சம் தாண்டிக் கொஞ்ச நேரத்தில் வெளியே வருவதுதான் கணக்கு. அது காலை நேரமாகவும் அமைய வேண்டும். மாதத்தில் சில நாள்தான் இரண்டும் பொருந்தும். சனி, ஞாயிறும் சேர்ந்து பொருந்த வேண்டும் என்றால் காலண்டரோடு உட்கார வேண்டியதுதான்.

அது காப்புக்காடு. சுற்றுலாத் துறைப் படகு இல்லத்தில் துடுப்புப் படகும் மோட்டார் படகும் இருக்கின்றன. சொந்தக் கயாக்கோ வாடகைக் கயாக்கோ இறக்குவது என்றால் வனத்துறையிடம் முன்கூட்டியே கேட்டு அனுமதி வாங்கிக்கொண்டு, உள்ளூர் ஆள் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். காற்றடித்த ரப்பர் கயாக் மட்டும் வேண்டவே வேண்டாம். வேரில் ஒட்டியிருக்கும் சிப்பி பிளேடு மாதிரி.

மகளுக்கு ஒரு மரத்தைக் காட்டச் சொல்லுங்கள்: தில்லை. சிதம்பரத்துக்கே அந்த மரத்தால்தான் தில்லை என்று பேர். கிளை ஒடிந்தால் பால் வடியும், கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. கிளையைப் பிடித்துக் கயாக்கை நிறுத்துவது எல்லோருக்கும் வரும் பழக்கம், அங்கே அதை விட்டுவிடுங்கள்.

ஓரமாகக் கழுத்தளவு நீரில் ஆட்கள் தெரிந்தால் சுற்றிப் போங்கள். இருளர் குடும்பங்கள், கையால் சேற்றைத் தடவி இறால் பிடிக்கிறவர்கள். பிடித்ததைப் போடும் ஓலைப்பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு நகர்வார்கள். நாம் நடுவில் துடுப்புப் போட்டுச் சேற்றைக் கலக்கினால் அவர்களின் அன்றைய கூலி போகும். பிளாஸ்டிக் பாட்டில் மிதந்தால் எல்லாமே குப்பை என்று எண்ணாதீர்கள், அது நண்டு வலையின் மிதவையாக இருக்கும்.

கொல்லம்_மெயில்

ஒரு மாற்று யோசனை. பழவேற்காட்டுக்குப் பதில் மன்றோ தீவு. எழும்பூரில் மாலை ரயில் ஏறினால் காலையில் கொல்லம். அஷ்டமுடிக் காயலும் கல்லடை ஆறும் சேரும் இடத்தில் குட்டித் தீவுகள், நடுவே சந்து சந்தாகத் தோடுகள் (சிறு வாய்க்கால்கள்). அங்கே வழிகாட்டியோடு கயாக் விடுவது ஒரு தொழிலாகவே நடக்கிறது. இருட்டிலேயே கிளப்பிவிட்டு, விடியும்போது காயலில் நிறுத்துவார்கள். நடைபாலங்களின் அடியில் மல்லாந்து படுத்துத்தான் போக வேண்டும், அவ்வளவு தாழ்வு. பிள்ளைகளுக்கு அதுதான் பிடிக்கும். ஒரே நாளில் திரும்ப முடியாது, அது மட்டும் குறை.

சும்மா_ஒருத்தன்

சரி, சேறு விஷயம் நான் யோசிக்கவில்லை. டியூபில் போன ஏரியில் மணல். ஜாக்கெட் போடுங்கள், வாசு.

வேளச்சேரி_வாசு

மூன்று வாரம் கழித்து வருகிறேன். போன ஞாயிறு முட்டுக்காடு போனோம். நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

ஐந்தே காலுக்குக் கிளம்பத் திட்டம், ஐந்தரை ஆகிவிட்டது. காரணம் புளியோதரை. கயாக் வாடகைக்குக் கொடுத்த இடத்தில் நான்கு ஜாக்கெட் கொடுத்தார்கள். ஒன்றில் கொக்கி உடைந்து நூலால் கட்டியிருந்தது. அதைத்தான் மச்சானுக்கு நீட்டினார்கள். மாற்றக் கேட்டால் "சார், தண்ணி முட்டி அளவுதான்" என்றார்கள். இந்த இழையைப் படிக்காமல் போயிருந்தால் நானும் தலையாட்டியிருப்பேன். இருபது நிமிடம் நின்று, உள்ளே இருந்து பருமனான ஆரஞ்சு ஜாக்கெட் ஒன்று வரவழைத்தோம். தோளைப் பிடித்துத் தூக்கினேன், அசையவில்லை. மச்சான்தான் "மூச்சு விடணும்டா" என்றார்.

கவிழ்ந்து பழகினோம். மகள் முதல் முயற்சியிலேயே ஏறிவிட்டாள். மனைவி இரண்டாவதில். நான் மறுபக்கம் விழுந்தேன், ரெண்டு_துடுப்பு சொன்ன அதே மாதிரி. மச்சான் நான்கு தடவை விழுந்தார். மூன்றாவது தடவை மூக்குக் கண்ணாடி போய்விட்டது. நாங்கள் எல்லோரும் சேற்றைத் தடவினோம், கிடைக்கவில்லை. அதற்கப்புறம் பயணம் முழுக்க அவருக்குப் பறவை எல்லாம் "அதோ வெள்ளையா ஒண்ணு" தான். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். நான்கு தடவை விழுந்து மிதந்த பிறகு அவருக்குத் தண்ணீர் பயம் போய்விட்டது.

ஏழுக்குத்தான் கிளம்பினோம். மகளும் நானும் ஒன்றில், மனைவியும் மச்சானும் இன்னொன்றில். பலமான ஆள் பின்னால் உட்கார்ந்தால்தான் நேராகப் போகும் என்று அங்கிருந்த பையன் சொன்னான். மச்சான் பின்னால் உட்கார்ந்தார், கயாக் பாம்பு மாதிரி போனது. பதினைந்து நிமிடத்தில் மனைவி இடம் மாற்றிக்கொண்டார், அம்பு மாதிரி போனது. பலம் என்றால் என்ன என்பதைப் பற்றி வீட்டில் இன்னும் பேச்சு ஓடுகிறது.

தண்ணீர் எண்ணெய் ஊற்றியது மாதிரி அசையாமல் இருந்தது. கறுப்பு வெள்ளை மீன்கொத்தி ஒன்று எங்களுக்கு இருபது அடி முன்னால் அந்தரத்தில் நின்ற இடத்திலேயே சிறகடித்தது. சட்டென்று கல் விழுந்த மாதிரி விழுந்தது, வெறும் வாயோடு எழுந்தது. மகள் எண்ணிக்கொண்டே வந்தாள், ஏழு முயற்சிக்கு ஒரு மீன். ஆழமாக இருக்குமோ என்று நாங்கள் தயங்கிய இடத்தில் ஒருவர் இடுப்பளவு நீரில் நின்று வீச்சு வலை வீசிக்கொண்டிருந்தார். அவரிடம் மட்டுநகரான் சொன்ன கேள்வியைக் கேட்டேன். பதிலே சொல்லவில்லை. பாலத்துப் பக்கம் கையை நீட்டினார், அப்புறம் கையால் "போ, போ" என்று எங்களைத் திருப்பி அனுப்புவது மாதிரி காட்டினார். மணி எட்டு இருபது.

எட்டரைக்குத் திரும்பினோம். போனில் 3.1 கிலோமீட்டர் காட்டியது. மனசு கேட்கவில்லை, எதிரே இன்னும் பெரிய நீர்ப்பரப்பு தெரிந்தது. ஒன்பதே காலுக்கு முதல் காற்று கன்னத்தில் பட்டது. ஒன்பதரைக்கு நீர் முழுக்கச் சுருக்கம் விழுந்துவிட்டது. கடைசி எண்ணூறு மீட்டருக்கு இருபத்தைந்து நிமிடம் ஆயிற்று. தெற்குக் கரை மறைவாக ஊர்ந்துதான் வந்தோம். கரை ஏறும்போது பத்து அடிக்க ஐந்து நிமிடம். புளியோதரையை நின்றுகொண்டே சாப்பிட்டோம், உட்காரப் பொறுமை இல்லை. பன்னிரண்டு மணிக்குக் காரை எடுக்கும்போது பார்த்தேன், தண்ணீர் முழுக்க வெள்ளை உடைந்துகொண்டிருந்தது. பழைய திட்டப்படி அந்த நேரத்தில் நாங்கள் ஆறாவது கிலோமீட்டரில் இருந்திருப்போம்.

உள்ளங்கையில் இரண்டு கொப்புளம். பின்கழுத்து கருகிவிட்டது, தொப்பி போட்டும். தொடையில் வெயில் படும் என்று யாரும் சொல்லவில்லையே?

பிச்சாவரத்துக்கு வனத்துறையிடம் கேட்டுக் கடிதம் எழுதியிருக்கிறேன். அனுமதி கிடைக்காவிட்டால் படகு இல்லத்துத் துடுப்புப் படகிலேயே போவோம். கழிமுகத்தான், உங்கள் ஊர்க் கணக்கில் மார்ச்சில் எந்த ஞாயிறு?

ரெண்டு_துடுப்பு

தொடை என் தப்பு. கால் சட்டை முழு நீளம் போடுங்கள், ஜீன்ஸ் வேண்டாம், நனைந்தால் காயாது, எடை. கொப்புளத்துக்குக் காரணம் துடுப்பை இறுக்கிப் பிடித்தது. விரலை வளையமாக வைத்துத் தளரப் பிடியுங்கள், கையால் இழுக்காமல் இடுப்பைத் திருப்பி இழுங்கள்.

கழிமுகத்தான்

மார்ச் அட்டவணையைச் சித்தப்பாவிடம் காட்டிக் கேட்டுவிட்டு இரண்டு நாளில் தேதி போடுகிறேன். முந்தின இரவே சிதம்பரத்தில் தங்கிவிடுங்கள், விடிகாலை சென்னையிலிருந்து ஓடி வந்து தண்ணீரில் இறங்க முடியாது. பத்துப் பதினைந்து கிலோமீட்டர்தான், காலையில் ஆட்டோவே வரும்.

மச்சானுக்குப் புதுக் கண்ணாடி வாங்கியாகிவிட்டதா? வாங்கும்போது பின்னால் கட்டும் கயிறும் வாங்கச் சொல்லுங்கள்.

வேளச்சேரி_வாசு

கயிறு முதலில் வாங்கிவிட்டார். கண்ணாடி அடுத்த வாரம் வருகிறது.